டோர் பேடு பிசுபிசுக்கிறது, கன்சோல் உரிகிறது: மாற்றலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

நெல்லை_டீசல் (திருநெல்வேலி)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் அருமையாக இருக்கிறது. விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது.

முதல் பிரச்சினை, டிரைவர் பக்கக் கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடி. நான்கு விரலும் உள்ளே போய்ப் பிடிக்கும் அந்தக் குழிவு முழுக்கப் பிசுபிசுப்பு. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. நகம் பட்ட இடமெல்லாம் பிறை பிறையாகக் கோடு விழுந்து, அதற்குள் துணித் தூசியும் முடியும் சிக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து, கியரைச் சுற்றியுள்ள சில்வர் கன்சோல். மோதிரமும் சாவியும் உரசி உரசி, சில்வர் செதில் செதிலாக உரிந்து கீழே கறுப்பு தெரிகிறது. கடைசியாக, ஜன்னல் கண்ணாடியை ஒட்டிய கதவின் மேல்விளிம்பு வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் பக்கம்தான் இது மோசம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, கைப்பிடிக்குத் தனியாகப் பார்ட் நம்பர் இல்லை, முழு டோர் பேடுதான் (கதவின் உள்பக்க மூடி) வரும், அதுவும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மாற்றுவதா, பெயிண்ட் அடிப்பதா, வேறு வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சென்னை_சாலைகள் (சென்னை)

பெயிண்டுக்குச் செலவு செய்யாதீர்கள் ப்ரோ. புதுப்பேட்டைக்கு வாருங்கள். உங்கள் மாடல் வண்டி பிரித்துப் போட்டது கட்டாயம் இருக்கும். டோர் பேடு, கன்சோல் இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். உரிந்ததை உட்கார்ந்து தேய்ப்பதைவிட நல்லதாக ஒன்றை மாட்டுவது மேல்.

மதுரை_பெயிண்டர் (மதுரை)

தம்பி சொல்வது கன்சோலுக்குச் சரி. கைப்பிடிக்கு சரிவராது. ஏனென்றால் அந்தப் பிசுபிசுப்பு இவர் வண்டிக்கு மட்டும் வந்ததில்லை. அதே வருஷத்து வண்டி எதைப் பிரித்தாலும் அதே பூச்சு, அதே வயசு. இன்று கையில் ஒட்டாத பேடை வாங்கி மாட்டினால் இரண்டு கோடை தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

நான் பெயிண்ட் ஷாப் வைத்திருக்கிறேன். வண்டியின் உள்பாகங்களை அடித்துக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே அடித்த பெயிண்ட் உரிகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தடவை குற்றம் பெயிண்டில் இல்லை, அதற்கு முந்தைய சுத்தத்தில் இருக்கிறது. வாட்டர் வாஷ் முடிந்ததும் டாஷ்போர்டு, டோர் பேடு எல்லாவற்றிலும் பளபளவென்று ஒன்றைத் தடவி அனுப்புகிறார்கள் இல்லையா, அந்தப் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய்தான். வருஷக்கணக்கில் அது பிளாஸ்டிக்கின் அந்தத் தோல்கோடு டிசைனுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். அதன்மேல் பெயிண்ட் போட்டால் சின்னச் சின்ன வட்டமாக விலகி ஓடும். நாங்கள் ஃபிஷ் ஐ என்போம். ஒருமுறை வந்துவிட்டால் மேலே எத்தனை கோட் ஏற்றினாலும் மறையாது.

எனவே பாகத்தைக் கழற்றி, முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றால் நனைத்துத் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறோம், அவ்வளவுதான். இதெல்லாம் முடிந்த பிறகே உப்புத்தாள். அவசரப்பட்டு முதலிலேயே உப்புத்தாள் போட்டால் சிலிக்கான் கீறலுக்குள் போய்விடும், அப்புறம் எடுக்கவே முடியாது.

கன்சோலுக்கு வருவோம். உரிந்த சில்வரின் விளிம்பு படிபோல் நிற்கும். அதை 400 நம்பரில் இறக்கி, 600, 800 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, கண்ணை மூடி விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பிரைமர், சில்வர், மேலே சாட்டின் கிளியர். ஒவ்வொரு கோட்டும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாக விழ வேண்டும். ஒரே தடவையில் மூட நினைத்தால் வழியும். கோடு டிசைன் உள்ள பாகமாக இருந்தால் அந்தக் கோடெல்லாம் நிரம்பி மொழுக்கென்று ஆகிவிடும்.

நெல்லை_டீசல்

மிக்க நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். சுத்தம் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளாஸ்டிக்கில் எந்த வகை என்று பார்த்து அடிக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார்.

மதுரை_பெயிண்டர்

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் பாக்கி இருக்கிறது.

ஓசூர்_மோல்டர் (ஓசூர்)

பெயிண்டர் அண்ணன் எழுதியதில் ஒன்றே ஒன்றை மட்டும் திருத்துகிறேன், மற்றதெல்லாம் நூற்றுக்கு நூறு. நான் வேலை பார்ப்பது இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில்.

தண்ணீர்ச் சோதனை ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குச் சரி. பாலிப்ரொப்பிலீனில், அதாவது பிபியில், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். அதன் மேற்பரப்பின் இயல்பே அப்படி. எதையும் ஒட்டவிடாது. பெயிண்டும் ஒட்டாததற்குக் காரணம் அதுவேதான்.

எது எந்தப் பிளாஸ்டிக் என்று ஊகிக்கத் தேவையில்லை. பாகத்தைக் கழற்றித் திருப்பினால், பின்பக்கம் இரண்டு கூர்க்குறிகளுக்கு (> <) நடுவே எழுத்து இருக்கும். ஏபிஎஸ் அல்லது பிசி பிளஸ் ஏபிஎஸ் என்று இருந்தால் லேசாகத் தேய்த்துச் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் போட்டால் போதும், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். சில்வர் கன்சோல், ஏசி வென்ட் ஃபிரேம், ஜன்னல் சுவிட்ச் ஃபிரேம் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பிபி என்றோ, பிபியோடு ஈபிடிஎம் (ஒருவகை ரப்பர்) என்றோ போட்டிருந்தால் பிரைமருக்கு முன்னால் அட்ஹீஷன் புரமோட்டர் என்ற தெளிவான திரவத்தை ஒரு மெல்லிய கோட் அடிக்க வேண்டும். அடித்தபின் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடுத்த கோட் போய்விட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. டோர் பேடின் பெரிய கறுப்புப் பகுதிகள், பில்லர் கவர்கள் (கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூண்களின் மூடி) அனேகமாக பிபி.

பிபியை உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அது தூளாக உதிராமல் ரோமம் ரோமமாக எழும்பும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று பலர் சொல்வார்கள். வெறும் பிபிக்கு அது உண்மை. காரில் வருவதில் டால்க் பவுடர் கலந்திருக்கும். டி20 என்று போட்டிருந்தால் 20 சதவீதம் டால்க். அது கனத்துப்போய் மூழ்கிவிடும். எழுத்தை நம்புங்கள், வாளித் தண்ணீரை நம்பாதீர்கள்.

மதுரை_பெயிண்டர்

டால்க் விஷயம் எனக்குப் புதுசு தம்பி, நன்றி. பிபிக்கு இனி எழுத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

பொள்ளாச்சி_மீனா (பொள்ளாச்சி)

கைப்பிடியைப் பற்றி யாரும் இன்னும் தீர்வு சொல்லவில்லையே. என் வண்டியில் நான்கு கதவும் இப்படித்தான் இருந்தது. நானே சரிசெய்தேன், எழுதுகிறேன்.

அது சாஃப்ட் டச் பூச்சு. பிளாஸ்டிக்குக்கு ரப்பர் மாதிரி தொடு உணர்வு கொடுக்க மேலே அடிக்கும் பாலியூரிதேன் வகைப் பூச்சு. காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்பை மெல்ல மெல்ல உடைக்கிறது. நம் ஊர் வெக்கை, கை வியர்வை, சானிடைசர், ஹேண்ட் க்ரீம் எல்லாம் சேர்ந்து அதை வேகப்படுத்தும். வண்டியில் மட்டுமில்லை, பழைய பைனாகுலர், குடைக் கைப்பிடி, கம்ப்யூட்டர் மௌஸ் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். ஒருமுறை உடைய ஆரம்பித்தால் திரும்பிச் சரியாகாது. பவுடர் போடுவது, துடைப்பது எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். அதன்மேல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. அடியில் பூச்சு கூழாக இருக்கும்போது மேலே என்ன போட்டாலும் நழுவும்.

முழுசாக எடுத்துவிடுவதுதான் வழி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கைப்பிடியின் குழிவுக்குள் ஒட்டிவைத்து, மேலே பாலித்தீன் சுற்றிச் சில நிமிஷம் விடுங்கள். எடுத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டினால் பூச்சு கறுப்புச் சுருளாக உருண்டு வரும். மூலை முடுக்குக்கு மட்டும் டூத்பிரஷ். கையுறை கட்டாயம், கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது. டிஷ்யூவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அழுக்கேறிய பேப்பரால் மறுபடி தேய்த்தால் கூழ் பரவத்தான் செய்யும்.

தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். ஏபிஎஸ் கரைந்துவிடும். ஸ்பீடோமீட்டர் முன்னால் உள்ள கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கில் ஆல்கஹால் படவே கூடாது, மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். சுவிட்சில் அச்சடித்த படங்களும் அழிந்துபோகும், எனவே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இதில் சந்தோஷமான விஷயம், பூச்சு போனபின் கீழே அச்சில் வந்த அதே கறுப்புப் பிளாஸ்டிக் கோடு டிசைனோடு இருக்கும். என் வண்டியில் பெயிண்டே தேவைப்படவில்லை. தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். இனி உரிவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மதுரை_பெயிண்டர்

சகோதரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கை படும் இடத்தில் பெயிண்ட் இல்லாமல் முடிந்தால் அதுவே நல்லது. அடித்துக் காசு வாங்குகிறவனே சொல்கிறேன்.

திருச்சி_ரேப்பர் (திருச்சி)

பெயிண்ட், சுரண்டல் இரண்டுமே வேண்டாமே. வினைல் ரேப் ஒட்டிவிடலாம். மேட் பிளாக், பிரஷ்டு அலுமினியம், மர டிசைன் எது வேண்டுமானாலும் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம். கன்சோலுக்குக் கனகச்சிதமாக இருக்கும்.

ஓசூர்_மோல்டர்

கன்சோல் தட்டையாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிந்த சில்வர் மேல் ஒட்டக்கூடாது. பசை பிடித்திருப்பது அந்தச் செதிலைத்தான், செதில் வரும்போது ரேப்பும் கூடவே வரும். தேய்த்து மட்டமாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். கைப்பிடிக் குழிவில் ரேப் நிற்கவே நிற்காது. உள்வளைவில் இழுத்து ஒட்டிய வினைல் வெயில் ஏற ஏறப் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். மே மாதம் நிறுத்திவைத்த வண்டியில் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

திருச்சி_ரேப்பர்

குழிவில் நிற்காது, உண்மைதான். நான் சொன்னது கன்சோல், டாஷ்போர்டு பட்டி மாதிரி இடங்களுக்கு. முழு டாஷ்போர்டையே கார்பன் ஃபைபர் டிசைனில் சுற்றிக்கொண்டவர்கள்கூட இருக்கிறார்கள்.

கோவை_பாதுகாப்பு (கோயம்புத்தூர்)

மன்னிக்கவும், இங்கே குறுக்கிட்டே ஆக வேண்டும். முழு டாஷ்போர்டைச் சுற்றும் பேச்சே வேண்டாங்க.

பயணி பக்கத்து ஏர்பேக் டாஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பல வண்டிகளில் மேலே மூடி தனியாகத் தெரியாது. பிளாஸ்டிக்கின் பின்பக்கம் ஒரு கோட்டில் மெல்லிசாக்கி வைத்திருப்பார்கள், பை விரியும்போது அந்தக் கோட்டில் கிழிந்து வழிவிட வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதன்மேல் வினைலோ, ரெக்சினோ, கெட்டிப் பெயிண்டோ ஏற்றினால் கிழிய வேண்டிய நேரத்தில் கிழியாமல் தாமதமாகலாம், அல்லது பெயிண்ட் துண்டு துண்டாகப் பெயர்ந்து முகத்தில் தெறிக்கலாம். ஏர்பேக் விரிவது கண்சிமிட்டும் நேரத்துக்குள். அதில் சின்னத் தாமதமும் பெரிய விஷயம். ஸ்டீயரிங் நடுமூடியும் இதே கதைதான்.

2013 வண்டி என்கிறார். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில், முன்பயணிக்கு அதற்கும் பிறகுதான். எனவே இவர் வண்டியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். பில்லர் கவரில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் அதையும் தொட வேண்டாம், உள்ளே பக்கவாட்டில் திரைபோல் விரியும் கர்டன் ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். பழைய சாமான் கடையில் எதை வாங்கினாலும் ஏர்பேக்கை மட்டும் வாங்காதீர்கள்.

டாஷ்போர்டின் மேல்பகுதி பளபளப்பில்லாமல் மேட் ஆக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பளபளப்பாக்கினால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழும். மதிய வெயிலில் எதிரே வரும் வண்டியே மறையும். இந்த ஒரு காரணத்துக்காகவே பளபளப்பு பாலிஷையும் நிறுத்துங்கள் என்பேன்.

நெல்லை_டீசல்

என் வண்டியில் இரண்டு ஏர்பேக் இருக்கிறது சார். டாஷ்போர்டைத் தொடவே மாட்டேன். கதவு மேல்விளிம்பு வெளுத்ததற்கு ஹீட் கன் காட்டினால் கறுப்பு திரும்பும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

ஓசூர்_மோல்டர்

வெளியே பம்பர் ஓரத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குச் செய்வார்கள். மேல்தோல் லேசாக உருகி நிறம் திரும்பும். உள்ளே செய்ய வேண்டாம். கோடு டிசைன் உருகிப் பளபளவென்று திட்டு விழும், அதை மறுபடி மேட்டாக்க முடியாது. பேடு வளைந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அந்த இடம் வெளுப்பதற்குக் காரணம் வெயிலில் உள்ள யுவிஏ கதிர். முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி, அது பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கத்துக் கண்ணாடி சாதாரண டெம்பர்டு, அதன்வழியே நிறைய உள்ளே வரும். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் டிரைவர் பக்கம் மேற்கு பார்த்து இருக்கிறதா பாருங்கள். 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பழைய மாதிரி கறுப்பு ஃபிலிம் ஒட்ட முடியாது. எனவே நிறுத்தும்போது பக்கத்துக்கும் ஒரு துணித் திரை மாட்டிவிடுங்கள்.

யாழ்_ஹைபிரிட் (யாழ்ப்பாணம்)

வணக்கம் அண்ணாமார். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு, இருக்கிற வாகனத்தை வடிவாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டாலும் வரியோடு சேர்த்து விலை எங்களுக்கு எட்டாது. அதனால் உள்பாகம் மாற்றுகிற வேலை இங்கே நன்றாக வளர்ந்துவிட்டது.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழற்றிய பாவித்த பாகங்கள் கிடைக்கும். அங்கேயும் வலப்பக்கம்தான் ஸ்டீயரிங் என்பதால் கதவுப் பேடு, கன்சோல் எல்லாம் அப்படியே பொருந்தும். வெயில் குறைந்த ஊரில் ஓடினபடியால் பிளாஸ்டிக் வெளுத்திருக்காது. ஆனால் வாங்கும்போது கடைக்குள் வைத்துப் பார்க்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கறுப்பு என்று நினைப்பது வெயிலில் கடும் சாம்பலாக இருக்கும். உங்கள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோனால் டிசைனையும் ஒப்பிடலாம். பின்னால் உள்ள கொளுக்கிகளையும் பாருங்கள். இழுத்துக் கழற்றினதில் உடைந்திருந்தால் பூட்டியபிறகு ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும்.

சென்னை_சாலைகள்

புதுப்பேட்டைக்கும் இதே விதிதான். கூடுதலாக ஒன்று: ஒரே மாடலிலேயே கீழ் வேரியன்ட், மேல் வேரியன்ட் வித்தியாசம் இருக்கும். பவர் விண்டோ சுவிட்ச் ஓட்டை இல்லாத பேடை வாங்கிவிட்டு அல்லாடாதீர்கள்.

பொள்ளாச்சி_மீனா

கொளுக்கி உடைந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஏபிஎஸ் என்றால் அரால்டைட் பிடிக்கும், தேய்த்துவிட்டு ஒட்டினால் உறுதியாக நிற்கும். பிபியில் சாதாரணப் பசை எதுவும் நம்பும்படி நிற்காது. சால்டரிங் அயர்னால் சின்னக் கம்பி வலையை உள்ளே இறக்கி உருக்கிச் சேர்க்க வேண்டும். புகையை முகர வேண்டாம்.

நெல்லை_டீசல்

அப்டேட். கைப்பிடியை மீனா அக்கா சொன்னபடியே ஆல்கஹாலில் சுத்தம் செய்தாயிற்று. கீழே நல்ல மேட் கறுப்பு. பெயிண்ட் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மேல்விளிம்பு பிபி டி20, அட்ஹீஷன் புரமோட்டர் வாங்கிவிட்டேன். கன்சோலின் பின்பக்கம் ஏபிஎஸ் என்று இருக்கிறது, எனவே மாற்றாமல் அடிக்கப்போகிறேன். இரண்டு கேள்வி. ஸ்பிரே கேனா, கடையில் டூ-கே பெயிண்டா? இப்போது மழை பிடித்துவிட்டது, அடிக்கலாமா?

மதுரை_பெயிண்டர்

மேல்விளிம்புக்கு ஸ்பிரே கேன் போதும், அங்கே யாரும் கை வைத்து அழுத்துவதில்லை. கியர் கன்சோல் தினமும் கை படும் இடம். கேனில் வரும் சாதாரண லாக்கர், சானிடைசர் பட்ட கைக்கே இளகிவிடும். அதற்கு ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர்தான் நிற்கும். ஆனால் அதை வீட்டில் அடிக்காதீர்கள் தம்பி. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. தேய்த்து, பிரைமர், சில்வர் வரை நீங்களே முடித்து, கிளியரை மட்டும் சரியான மாஸ்க்கும் பூத்தும் உள்ள கடையில் போடச் சொல்லுங்கள். கூலியும் குறையும்.

மழை நாளில் கேன் அடித்தால் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வெயில் வரும் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்குமேல் அடியுங்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மாட்டாதீர்கள். இளசாக இருக்கும்போது வெயிலில் வண்டியை மூடிவைத்தால் வாடையும் போகாது, நகம் பட்டாலும் தடம் விழும்.

அடிக்கும் முன் ஷேடு பார்க்க வண்டியின் பாகத்தில் அடித்துப் பார்க்காதீர்கள். பேடின் பின்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் அடித்து, வெயிலில் பக்கத்துப் பாகத்தோடு வைத்துப் பாருங்கள். கறுப்பு ஒத்துப்போகும், பளபளப்புதான் காட்டிக்கொடுக்கும்.

கோவை_பாதுகாப்பு

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே வையுங்கள். கதவு ஒயர் கனெக்டர் எல்லாவற்றையும் மாட்டிமுடிக்கும்வரை சாவியைத் திருப்பாதீர்கள். கதவில் சென்சார் உள்ள வண்டிகளில் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும், அப்புறம் ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

பேடுக்குப் பின்னால் கதவுத் தகட்டில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்குமே, அதை எடுத்திருந்தால் புதிய பியூட்டைல் டேப் (பிசின்போல் ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அந்த ஷீட்தான். கீழ் மூலை விட்டுப்போனால் முதல் மழைக்கே கார்பெட் நனையும். கிளிப்புகளில் வெளுத்தது, காது உடைந்தது எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஸ்பேர் கடையில் சில்லறையாகவே தருவார்கள். பேடைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டினால் கிளிப் உடையாமல் உட்காரும்.

நெல்லை_டீசல்

ஷீட்டை எடுத்திருக்கிறேன் சார். பியூட்டைல் டேப் எந்தக் கடையில் கேட்பது?

கோவை_பாதுகாப்பு

கார் கண்ணாடி மாட்டும் கடையில் கேளுங்கள். சுருளாக இருக்கும், தேவையான அளவு வெட்டித் தருவார்கள்.